முதுகில் பிளந்த கெண்டை

வடக்கு வியட்நாமில் மீன் வாங்கித் திரும்புகிறவர் கையில் சதகுப்பைக் கீரையும் ஒரு கட்டு இருக்கும். ஹனோயின் காலைச் சந்தைகளில் மீன் தட்டுக்கு அடுத்த தட்டே கீரைத் தட்டுதான்: சதகுப்பை, வெங்காயத்தாள், இஞ்சி, சித்தரத்தை, எலுமிச்சைப்புல். மீன்காரப் பெண் மீனை வெட்டித் தருவதற்குள் பக்கத்துப் பெண் இவற்றைக் கட்டி நீட்டிவிடுகிறார். நமக்கோ சதகுப்பையும் சித்தரத்தையும் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. ஒன்று பிள்ளை பெற்றவளின் லேகியத்துக்கு, மற்றது சளிக்கும் இருமலுக்கும். சதகுப்பையின் விதையைத்தான் நாம் அறிவோம். நூலிழையாகப் பிரிந்த அதன் பச்சை இலையை அடுப்பில் ஏற்றும் வீடு தமிழ்நாட்டில் அரிது. கர்நாடகத்துக்குப் போனால் அதே இலை பருப்பிலும் அக்கி ரொட்டியிலும் விழுகிறது. ஹனோய் இருக்கும் செவ்வாற்றுப் படுகையிலோ அதற்கு மீன்தான் துணை.

இந்தத் துணையை ஊரறியச் செய்த தெரு ஒன்று ஹனோயின் பழைய நகரில் இருக்கிறது. அங்கே தெருக்களுக்கு விற்கும் சரக்கின் பெயர்தான் வழக்கம்: வெள்ளித் தெரு, சர்க்கரைத் தெரு என்று. அவற்றுள் சாயமும் அரக்கும் விற்ற ஹாங் சோன் தெரு, பிற்காலத்தில் 'சா கா' தெருவாகிவிட்டது. சா கா என்றால் சுட்ட மீன். தோவான் என்ற குடும்பம் 1871 முதல் அந்தத் தெருவில் மீன் சுட்டு விற்றதாகக் கணக்கு. கையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் லா வோங் என்ற சீனக் கிழவரின் சிலையைக் கடையில் வைத்திருந்ததால், பண்டத்துக்கே 'சா கா லா வோங்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சாயக்காரர்களின் தெருவை ஒரு மீன் பண்டம் எடுத்துக்கொண்டது.

செய்முறை இப்படி: கெளுத்தி இனத்து ஆற்று மீனை முள் நீக்கித் துண்டு போடுகிறார்கள். மஞ்சள், சித்தரத்தைச் சாறு, புளிக்க வைத்த சோறு, இறால் ஊறல் எல்லாம் கலந்து ஊற விடுகிறார்கள். கரியடுப்பில் முக்கால் வேக்காடு. பிறகு மேசைக்கு வருகிறது ஒரு சின்ன அடுப்பு, அதன்மேல் கொதிக்கும் கொழுப்போடு ஒரு சட்டி. மீன் துண்டுகளை அதில் போட்டு, அவற்றின் தலைக்குமேல் நிற்கும் உயரத்துக்குச் சதகுப்பையையும் வெங்காயத்தாளையும் நாமே அள்ளிப் போட வேண்டும். கீரை சுருண்டு பாதியாகும் நேரம்தான் பதம். அரிசிச் சேமியா, வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சை பிழிந்து நுரைக்க அடித்த இறால் ஊறல் ஆகியவற்றோடு சாப்பிடுகிறோம். மஞ்சள் பூசிய மீன் தமிழ் நாக்குக்குப் பழகியதுதான். அதற்கு மேல் கிளம்பிவரும் சதகுப்பை வாசனை முற்றிலும் புதிது: சோம்பின் இனிப்பும் பச்சைக் கொத்தமல்லியின் காரமும் சேர்ந்தது.

ஹனோயில் பல வருடங்களாக வேலை பார்க்கும் தஞ்சாவூர்த் தம்பி ஒருவர்தான் என்னை அங்கே கூட்டிப் போனார். சட்டி காலியானதும் சொன்னார்: "இது டவுன் மீன், அண்ணே. கீரை கடைசியில வந்து சேருது. மேற்கே மலைக்குப் போங்க. அங்கே கீரை மீனுக்கு உள்ளேயே இருக்கும். முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் வேகும்."

மேற்கே போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 6. ஹனோயின் புறநகர்த் தொழிற்சாலைகளைக் கடந்து, ஹோவா பின் வழியாக சோன் லாவுக்கும் தியன் பியனுக்கும் ஏறுகிறது. தியன் பியன் ஃபூ என்ற பெயரைப் பள்ளி வரலாற்றில் படித்தவர்களுக்கு, 1954-இல் பிரெஞ்சுப் படை தோற்ற பள்ளத்தாக்கு நினைவுக்கு வரும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நான் போக வேண்டியது மாய் சாவ். ஹனோயிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர்.

ஹோவா பின்னைத் தாண்டாமல் இந்த மீனின் கதை விளங்காது. அங்கே தா ஆற்றின் குறுக்கே சோவியத் நாட்டின் உதவியோடு 1979-இல் தொடங்கி 1994-இல் முடித்த அணை நிற்கிறது. முடித்தபோது அதில் 240 மெகாவாட் இயந்திரங்கள் எட்டு. மொத்தம் 1920 மெகாவாட். அதே ஆற்றில் மேலே 2400 மெகாவாட் திறனுள்ள சோன் லா அணை 2012-இல் வரும்வரை மின் திறனில் தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரியது இதுதான். அணை கட்டினால் பள்ளத்தாக்கு மூழ்கும். மூழ்கிய வயல்களும் ஊர்களும் பெரும்பாலும் முவோங், தாய் என்ற இன மக்களுடையவை. ஆற்றோரத் தட்டை நிலத்தில் நெல்லும் மீனும் வளர்த்தவர்கள் சரிவுக்கு ஏறினார்கள். ஓடும் ஆற்றில் வலை வீசியவர்களின் பிள்ளைகள் இன்று நிற்கும் நீரில் கூண்டு மிதக்கவிட்டுப் புல் கெண்டையும் கெளுத்தியும் வளர்க்கிறார்கள். ஹனோய் உணவகங்களில் 'தா ஆற்று மீன்' என்று எழுதிப் போடுவது பெரும்பாலும் இந்தக் கூண்டு மீனைத்தான். அணை மேட்டிலிருந்து பார்த்தால் பச்சை நீரில் நீலப் பீப்பாய்கள் வரிசையாக மிதக்கின்றன. மின்சாரம் தேவைப்பட்ட நாடு, போரிலிருந்து அப்போதுதான் எழுந்த நாடு. அதன் கணக்கு எனக்குப் புரிகிறது. அந்தக் கணக்கில் யாருடைய வயல் விலையாயிற்று என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்த வட்டாரத்தில் மனிதன் ஆற்றுயிர்களைத் தின்ற வரலாறு நீண்டது. சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் 1920-களில் தோண்டிய பிரெஞ்சுத் தொல்லியலாளர் மதலேன் கொலானி, கற்கருவிகளோடு நன்னீர் நத்தை ஓடுகளின் குவியல்களையும் கண்டார். 1932-இல் ஹனோயில் கூடிய மாநாட்டில் அந்தக் கற்காலப் பண்பாட்டுக்கு ஹோவா பின் பெயரையே வைத்தார்கள்.

அணைக்கு அப்பால் சாலை ஏறத் தொடங்குகிறது. காவ் ஃபோங் பக்கம் ஆரஞ்சுத் தோட்டங்கள். சாலையோரம் கரும்பும் பழமும். துங் கே கணவாயில் மலையை வெட்டிய இடமெல்லாம் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. மூடுபனிக்கு நடுவே தார்ப்பாய்க் கொட்டகைகளில் மக்காச்சோளம் சுடுகிறார்கள். மூங்கில் குழாயில் வெந்த சோறும் கிடைக்கிறது. கணவாய் இறங்கியதும் மாய் சாவ் பள்ளத்தாக்கு: நான்கு பக்கமும் மலை, நடுவே ஒரே மட்டமாக நெல். நான் போனது கதிர் முற்றும் பருவம். வயலில் தண்ணீரை வடிய விட்டு, வாய்க்கால் முனையில் மூங்கில் கூடை வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்று நட்டு வேர் பிடித்ததும் கெண்டைக் குஞ்சுகளை வயலில் விடுவது தாய் மக்களின் பழைய வழக்கம். குஞ்சு பூச்சியையும் களையையும் தின்னும். அதன் கழிவு பயிருக்கு உரமாகும். அறுப்புக்கு முன் தண்ணீரை வடிக்கும்போது வயல் இரண்டாவது விளைச்சலைத் தரும். வியட்நாமில் தாய் மக்கள் 2019 கணக்கெடுப்பின்படி 18 லட்சத்துக்கு மேல். தாய்லாந்துக்காரர்களுக்கும் லாவோஸ்காரர்களுக்கும் மொழியுறவு உள்ளவர்கள். கறுப்புத் தாய், வெள்ளைத் தாய் என இரண்டு பெரும் பிரிவு. மாய் சாவில் இருப்பவர்கள் வெள்ளைத் தாய்கள். தூண்மேல் நிற்கும் மரவீடு, கீழே தறி, பக்கத்தில் மீன் குட்டை: இந்த மூன்றும் இல்லாத வீட்டை நான் அந்த ஊரில் அதிகம் பார்க்கவில்லை.

சுற்றுலாக்காரர்கள் நிறையும் பெரிய ஊரைத் தாண்டி, வயல் வரப்பில் நடந்தால் வரும் சிற்றூரில் தங்கினேன். வழிகாட்டியாக வந்த பையன் ஹனோய்க்காரன், நாட்டின் பெரும்பான்மையினரான கின் இனத்தவன். வீட்டுக்காரம்மாவை அவன் 'பெரியம்மா' என்ற முறையில்தான் அழைத்தான். அவர்கள் ஊரிலும் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை. நான் 'அம்மா' என்றேன். அறுபது வயதிருக்கும். கறுப்புப் பாவாடை, கொண்டையில் வெள்ளி ஊசி.

குட்டையில் வலை போட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கெண்டை ஒன்றை எடுத்தார். நம் ஊரில் சாதாக் கெண்டை என்று விற்கும் அதே மீன். பையன் அதைப் பார்த்து, தன் வீட்டில் ஆண்டுக் கடைசியில் இந்த மீனை உயிரோடு ஆற்றில் விடுவார்கள் என்றான். சந்திர நாட்காட்டியின் 12-ஆம் மாதம் 23-ஆம் நாள் அடுப்படித் தெய்வம் வானுலகம் போய் வீட்டின் நல்லது கெட்டதுகளைச் சொல்லும். அதற்கு வாகனம் கெண்டை. அம்மா சிரித்தபடி, "இங்கே அடுப்படிக்குத்தான் போகிறது" என்றார்.

பண்டத்தின் பெயர் பா பின் தோப். பா மீன், பின் சுடுவது, தோப் மடிப்பது. அந்த மடிப்பில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது.

செதிலை எடுத்தார். அடுத்து வயிற்றைக் கிழிப்பார் என்று நான் காத்திருக்க, அவர் மீனைக் கவிழ்த்து நிறுத்தி, தலையில் கத்தியை இறக்கி, நடுமுள்ளை ஒட்டியே முதுகோடு வால்வரை கொண்டுபோனார். தலையும் இரண்டாகப் பிளந்தது. வயிறு வெட்டுப்படாமல் இரு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருக்க, மீன் ஏட்டைப் போல விரிந்தது. குடலை மேலிருந்து அள்ளினார். பித்தப்பை உடையாதபடி இரண்டு விரலால் தனியே கிள்ளி எடுத்தார். கழுவியதும் துணியால் ஒற்றி, உப்புத் தடவி மூங்கில் முறத்தில் சாய்த்து வைத்தார்.

இந்த வெட்டை நான் இதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை. பார்த்தபின் வேறு வெட்டு எதற்கு என்று தோன்றியது. மீனின் தடிமனான பகுதி முதுகு, மெல்லியது வயிறு. வயிற்றைக் கிழித்தால் தடித்த முதுகு முழுசாகவே நிற்கிறது. அது வேகும்முன் வயிற்றோரம் கருகுகிறது. முதுகில் பிளந்தால் தடிமன் இரண்டாகப் பகிர்ந்து, எங்கும் கிட்டத்தட்ட ஒரே கனம். மேலும் கெண்டையின் கொழுப்பு வயிற்றில்தான் அதிகம். வயிறு கிழியாததால் உருகும் கொழுப்பு தீயில் சொட்டிப் புகை கிளப்பாமல் உள்ளேயே நிற்கிறது. அது நிற்பது எதற்காக என்பது பிறகுதான் தெரிந்தது.

கொல்லையில் பறித்தவையும் சந்தையில் வாங்கியவையும் பலகையில் சேர்ந்தன. எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு, இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். அடுத்து கீரைகள்: சதகுப்பை, வெங்காயத்தாள், கொத்தமல்லி, ஓரம் ரம்பமாக வெட்டுப்பட்ட நீள இலைக் கொத்தமல்லி, துளசி வகை ஒன்று. கிழங்கும் தண்டும் இடித்து நாராகும்வரை. கீரை மட்டும் கத்தியால் பொடியாக அரிந்து. இரண்டையும் சேர்த்து இடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். இடித்த கீரை தண்ணீர் விட்டுவிடும், அரிந்த கீரை மீனுக்குள் போனபிறகு விடும் என்றார். அளவைப் பார்த்து எனக்குப் பிரமிப்பு. முக்கால் கிலோ மீனுக்கு இரண்டு கை நிறையப் பச்சை. நாம் மீனுக்கு மேலே தூவும் கொத்தமல்லியோடு இதற்கு உறவே இல்லை.

கடைசியாக, இரும்புச் சட்டியில் சிறு கறுப்புக் காய்களை வறுத்தார். ஒரு நொடியில் அறை முழுக்க ஆரஞ்சுத் தோலும் மிளகும் கலந்த வாசனை. மாக் கென். காட்டு மரத்தின் காய். மரத்தின் தண்டெல்லாம் முள். சீனர்களின் சிச்சுவான் மிளகுக்கு நெருங்கிய சொந்தம். நாக்கில் வைத்தால் மெல்ல மரமரக்கும். இந்த மரத்தை நம் பக்கத்து மக்களும் அறிவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதே இனம் வளர்கிறது. கோவாவிலும் கொங்கணக் கரையிலும் 'திர்பல்' என்ற பெயரில் அயிலைக் குழம்பில் போடுகிறார்கள். கொங்கணத்தார் உள்விதை கசக்கும் என்று நீக்கிவிட்டுத் தோலை மட்டும் தட்டிப் போடுவார்கள். தாய் மக்கள் உலர வறுத்து இடிக்கிறார்கள். ஒன்றையொன்று அறியாத இரண்டு மக்கள், ஒரே முள்மரத்தின் காயை மீனுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று விட எனக்கு மனமில்லை. மீனின் கவிச்சிக்கு நாரத்தை வாசனை பொருந்தும் என்பதை இரு கரையிலும் மூக்குதான் கண்டுபிடித்திருக்கும். மாக் கென் இன்னும் பெரும்பாலும் காட்டிலிருந்தே வருகிறது. நகரத்தில் கேட்பவர்கள் கூடிவிட்டதால் கிளையோடு வெட்டி இறக்குகிறவர்களும் உண்டு என்று அம்மா முகம் சுளித்தார். அவர் வீட்டில் காயை மட்டும் கொய்து வரும் மகன் இருக்கிறான்.

அலமாரியிலிருந்து இன்னொரு விதையும் வந்தது. சோய் விதை. செண்பக இனத்து மரம் ஒன்றின் விதை. ஹோவா பின் வட்டாரத்து மலைகளில் பேர்பெற்றது. அதைச் சட்டியில் வறுப்பதில்லை. நேரே தணலில் காட்டி, உப்பும்வரை சுட்டு இடிக்கிறார்கள். பூவைத் தலையில் சூடும் நாட்டிலிருந்து போன எனக்கு, அதன் ஒன்றுவிட்ட மரத்தின் விதை உப்போடும் மிளகாயோடும் சேர்ந்து தொட்டுக்கொள்ளும் பொடியாவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

இவ்வளவு பச்சை எதற்கு? காரணம் தண்ணீரில் இருக்கிறது. வயலிலும் குட்டையிலும் அணையிலும் நிற்கும் நீரில் நீலப்பச்சைப் பாசியும் சிலவகை நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழை மண்ணில் விழும்போது எழும் வாசனையிலும் இருப்பது அதுதான். மண்ணில் அதை விரும்பும் மூக்கு மீனில் அதைப் பொறுப்பதில்லை. அடித்தரையைக் கிளறித் தின்னும் கெண்டையின் கொழுப்பில் அது சேர்ந்துகொள்கிறது. புளிப்பு அதைச் சிதைக்கும்; ஹனோய்க்காரர்கள் புளித்த சோற்றில் மீனை ஊறப்போடுவதன் பயன்களில் அதுவும் ஒன்று. மலைக்காரர்கள் வேறு வழி போகிறார்கள். இஞ்சி, எலுமிச்சைப்புல், மாக் கென் ஆகியவற்றின் வாசனை எண்ணெய்கள் தண்ணீரைவிடக் கொழுப்பிலேயே நன்றாகக் கரையும். வெளியே விடாமல் காத்த வயிற்றுக் கொழுப்பு உருகி, மண்வாடை இருந்த அதே இடத்தில் இந்த வாசனைகளை ஏற்றுக்கொள்கிறது. கிழியாத வயிற்றின் வேலை இதுதான்.

விரித்த மீனின் உட்புறம் முழுக்கப் பச்சையை அடைத்து, தலையும் வாலும் சேரும்படி குறுக்கே மடித்தார். இப்போது சதை எல்லாம் உள்ளே பச்சையைப் பார்க்கிறது. தோல் எல்லாம் வெளியே தீயைப் பார்க்கிறது. இந்த ஒரே அசைவில் மீன் தானே தனக்குப் பாத்திரமாகிவிடுகிறது. தோலின்மேல் கொஞ்சம் உப்பும் மாக் கென் பொடியும். சில வீடுகளில் வறுத்த அரிசி மாவும் பூசுவதுண்டு. பச்சை மூங்கிலை ஒரு கணு விட்டு நடுவில் பிளந்து, அந்தப் பிளவில் மீனைக் கவ்வவிட்டு, நுனியை மூங்கில் நாரால் இறுக்கிக் கட்டினார். காய்ந்த மூங்கில் பற்றிக்கொள்ளும். பச்சை மூங்கில் சாறு கசிந்து தாங்கும்.

அடுப்பில் கொழுந்து அடங்கி, தணலின்மேல் மெல்லிய சாம்பல் படியும்வரை அவர் மீனைக் கிட்டே கொண்டுபோகவில்லை. கையை நீட்டிப் பார்த்தார். மீன் இருக்க வேண்டிய உயரத்தில் கை சற்று நேரம் பொறுக்க வேண்டும். மூங்கிலைச் சாய்வாக ஊன்றி, முதலில் தூரத்துச் சூட்டில் தோலை உலரவிட்டார். பிறகுதான் கிட்டே. உலராத தோல் மூங்கிலில் ஒட்டிக்கொண்டு கிழியும். திருப்புவதற்கும் அவசரமில்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும். அதற்குள் கீழ்வீட்டுத் தறியில் ஒரு பெண் கைக்குட்டை அகலத்துக்கு நெய்து முடித்தாள்.

அந்த முக்கால் மணியில் ஒரே மீனுக்குள் இரண்டு சமையல் நடக்கிறது. வெளியே வறண்ட சூடு: தோல் 140 டிகிரியைத் தாண்டிப் பொன்னிறமாகி மொறுமொறுக்கிறது. உள்ளே ஈரச் சூடு: கீரை தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பதால் கொதிநிலையைத் தாண்ட முடியாது, மீன் சதைக்கு 60 டிகிரியே போதும். அதனால் பச்சை கருகாமல் வேகிறது, சதை வறளாமல் வேகிறது. நம் ஊர் மீன் வறுவலில் மசாலா வெளியே இருக்கிறது. தோசைக்கல்லில் எண்ணெய் அதைக் காக்கும். அதே மசாலாவைத் தணலில் காட்டினால் மிளகாயும் பூண்டும் முதலில் கருகி, கசப்பு சதைக்குள் இறங்கும். கடற்கரைக் கடைகளில் கரியில் சுட்ட மீன் என்று சிவப்பாகப் பூசித் தருவதில் பாதி எனக்குக் கசப்பாக இருப்பதன் காரணத்தை மாய் சாவில்தான் கண்டேன். தீயில் வாட்டும் மீனுக்கு வாசனைப் பொருள் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே இருக்க வேண்டுமானால் மீனை அதற்கேற்ப வெட்ட வேண்டும். கத்தி பிடிப்பதிலேயே மசாலா தொடங்கிவிடுகிறது.

பெரிய ஊரின் விருந்தினர் வீடுகளில் கம்பி வலையில் வைத்துச் சுட்டு, மேலே குழம்பு ஊற்றித் தரும் மீனையும் சாப்பிட்டேன். பெயர் அதேதான். இருபது பேர் ஒரே நேரத்தில் இலை போட்டு உட்காரும்போது மூங்கிலில் ஒவ்வொன்றாகக் கட்ட யாராலும் முடியாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மடிக்காத மீனில் அந்தப் பண்டம் இல்லை. மாய் சாவுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முன்பே சொல்லிவைத்து, மூங்கிலில் சுட்டதாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும்.

நாரை அறுத்து மூங்கிலை விரித்ததும் ஆவி வந்தது. சதகுப்பை முன்னால், மாக் கென் பின்னால். மரச் சட்டியில் ஆவியில் வெந்த ஒட்டும் அரிசிச் சோறு, மூடிபோட்ட மூங்கில் கூடையில். கையாலேயே சாப்பாடு. சோற்றை விரலில் உருட்டி, அதாலேயே மீனைக் கிள்ளி, உப்பும் மிளகாயும் மாக் கென்னும் பூண்டும் இடித்த 'சாம் சேவ்' என்ற தொக்கில் தொட்டு வாயில். கூடவே வேகவைத்த கசப்பு மூங்கில் குருத்து. தோல் நொறுங்கிற்று. சதை முள்ளை விட்டு நழுவிற்று. கெண்டைக்கு முள் அதிகம், ஆனால் முதுகு பிளந்ததில் பெரிய முள் தனியே கிடந்தது. உள்ளே அடைத்த பச்சை, கொழுப்பைக் குடித்துக் கரும்பச்சையாகி, தனிக் கறியாகவே ஆகியிருந்தது. மீனைவிட நான் அதைத்தான் அதிகம் தின்றேன். அம்மா பார்த்துவிட்டு, தன் பக்கத்துப் பச்சையையும் என் இலைக்குத் தள்ளினார். மண்வாடை எங்கே போயிற்று என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

சாப்பிட்டு முடித்தபின் அவர் கேள்வி கேட்கும் முறை வந்தது. எங்கள் ஊரில் என்ன மீன் என்றார். கடல் மீன் என்றேன். கடல் மீனை உயிரோடு அவர் பார்த்ததில்லை. உப்புப் போட்டுக் காய்ந்தது மட்டும் சந்தைக்கு வரும். கொடுவாவைப் பற்றிச் சொன்னேன். கழிமுகத்திலும் ஏறி வரும், சதை வெள்ளை, முள் குறைவு.

"வயிற்றில் கொழுப்பு உண்டா?"

"வளர்ந்த மீனில் உண்டு, அம்மா."

"மண்வாடை?"

"கடலில் பிடித்ததில் இருக்காது."

அவர் சற்று யோசித்தார். விரலால் பலகையில் கோடு போட்டு மீனின் நீளம் கேட்டார், கனம் கேட்டார். பையன் மொழிபெயர்க்கக் காத்திருக்காமல் கையைக் காட்டியே பாதி பேச்சு நடந்தது. பிறகு சொன்னார்: "அப்படியானால் இஞ்சியைப் பாதியாக்குங்கள். எலுமிச்சைப்புல்லையும். உப்பு உள்ளே வேண்டாம், தோலில் மட்டும். சதகுப்பையை மட்டும் குறைக்காதீர்கள். முழு மீனை மடிக்க முடியாத அளவுக்குப் பெரிதென்றால் வால் பக்கத்தைத் தனியே வெட்டிக் குழம்பு வையுங்கள், மீதியை மடியுங்கள்."

மாக் கென் எங்கள் பக்கம் கிடைக்காது, கொங்கணத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்றேன். அவர் எழுந்து போய் ஒரு கைப்பிடி காயைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். வறுத்தபிறகு இடிக்க வேண்டும், வறுக்காமல் இடித்தால் கசக்கும் என்று இரண்டு தடவை சொன்னார்.